தொண்ணூறாவது பெயர்

தலைமையாசிரியருக்கு ஒரு விஷயத்தை நேரே சொல்ல வராது. குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டுமானால்கூட மழை, மேகம், நகராட்சி என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் குழாயடிக்கு வந்து சேருவார். அன்று காலையும் அப்படித்தான். அலுவலக அறைக்குள் வந்தார். கிளார்க்கம்மாவின் மேஜையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஃபேன் சத்தம் போடுகிறதே என்று கவலைப்பட்டார். ஜன்னல் கொக்கியைச் சரி செய்யாத தச்சனைத் திட்டினார். கிளார்க்கம்மா தடுக்கவில்லை. பதினாறு வருஷமாக அந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறாள். சுற்றட்டும், கால் வலித்தால் தானாக வந்து உட்காருவார் என்று பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தார். "சர்க்குலர் பாத்தீங்களா கிளார்க்கம்மா?"

"பாத்தேன் சார்."

"தொண்ணூறு வேணுமாம்."

"ஆமா சார்."

"நம்மகிட்ட வந்து..." என்று இழுத்தார்.

"பேரு தொண்ணூறு இருக்கு சார். பிள்ளைங்க எண்பத்தொன்பது."

அவளே சொல்லிவிட்டாள். பாவம், மனிதருக்குத் தப்பித்தோம் என்றும் இருந்தது, தலை குனியவும் தோன்றியது. அந்தத் தொண்ணூறாவது பெயர் அவள் பெற்ற மகளுடையது. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. பள்ளிக்கூடமே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். நான்கு மாதத்துக்கு முன்னால் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

செத்துப் போன பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏன் இருக்கிறது என்று கேட்டால், அதுதான் விதி. பெற்றவர் வந்து டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் எந்தப் பிள்ளையின் பெயரையும் அடிக்கக் கூடாது. பதினாறு வருஷமாக இந்தக் கையெழுத்துக்காக எத்தனை அப்பன் ஆத்தாக்களை அவள் விரட்டியிருக்கிறாள்! வீடு மாற்றிக்கொண்டு போனவர்களைக்கூட அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பிடித்துவிடுவாள். இப்போது பிடிக்க வேண்டியது தன்னைத்தான். அந்தத் தாள் இடது பக்க டிராயரில், நிரப்பப்படாமல் கிடந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்றே நான்கு மாதம் ஓடிவிட்டது.

இத்தனை நாள் அது யாருக்கும் உறுத்தவில்லை. முன்பெல்லாம் அரசாங்கம் பள்ளிக்குப் பணம் கொடுத்த முறையே வேறு. எத்தனை அறை, எத்தனை வாத்தியார் என்று பார்த்து, போன வருஷம் கொடுத்ததையே இந்த வருஷமும் கொடுக்கும். பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. பழைய பள்ளிகள் பாடு கொண்டாட்டம். பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த பள்ளியில் மட்டும் ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகள் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தன. இதை மாற்றப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று பேசியவள் கிளார்க்கம்மாதான். "எங்க அலமாரியில சாக்பீஸ் பெட்டி பெட்டியாக் கெடக்கு. அங்க ஒரு துண்டை மூணா ஒடைச்சு எழுதறாங்க. பிள்ளைங்க தலையை எண்ணிப் பணம் குடுங்க, அதான் நியாயம்" என்றாள். கைதட்டினார்கள். வீட்டில் விட ஆளில்லாமல் கூட வந்திருந்த வாயாடி எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சட்டம் வந்தது. 'பணம் பிள்ளையின் பின்னால் போகும்' என்று சுவருக்குச் சுவர் எழுதினார்கள். தொண்ணூறு பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர், ஒன்று குறைந்தாலும் இரண்டுதான். அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கெடுப்பு. தொடர்ந்து முப்பது நாள் வராத பிள்ளையின் பெயர் அந்தக் கணக்கில் சேராது. தினசரி வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கி இருபத்தேழு நாள் ஆகியிருந்தது.

"ஒரே ஒரு நாள், ஒரு டிக் போட்டா போதும்" என்றார் தலைமையாசிரியர். முத்திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "வந்ததா ஒரு டிக். வெள்ளிக்கிழமை தாண்டிடும். அப்புறம் நீங்க எப்ப வேணாலும் எழுதிக்குங்க. இல்லன்னா கணக்கு டீச்சரைத் தூக்கிடுவாங்க. கடைசியா வந்தவங்க அவங்கதானே."

"யோசிக்கிறேன் சார்" என்றாள்.

யோசிக்கவெல்லாம் இல்லை. யோசிப்பதற்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. பன்னிரண்டாம் நாளே வேலைக்கு வந்துவிட்டவள் அவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அழுதுடு அண்ணி, அழுதா எறங்கிடும்" என்று நாத்தனார் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். வந்தால்தானே அழ? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சமைத்தாள், துவைத்தாள், வருகைப் பதிவு ஏற்றினாள். மகள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று தினமும் அழுத்தினாள். அந்தப் பொத்தானை அழுத்தும்போதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகத் தேய்த்துக் குளிக்க அரை மணி நேரம் ஆகும். அவன் போன் அடித்தது. நாத்தனார்தான். எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கும்போது, திரையில் வரிசையாகச் செய்திகள் நின்றன. எல்லாம் ஒரே செய்தி. 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.' பத்தேகாலுக்கு ஒன்று, மறுநாள் பத்தேகாலுக்கு ஒன்று. விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். இருபத்தேழு.

துண்டோடு வெளியே வந்தவனிடம் போனை நீட்டினாள். "என்னங்க இது?"

"தினம் வருது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதானே அனுப்பறே."

குத்திக் காட்டவில்லை அவன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அவளுக்குத் தெரியாது. காலையில் தொண்ணூறு பெயருக்கும் ஏற்றி முடித்து 'அனுப்பு' என்பதை அழுத்தினால் அது துறைக்குப் போகிறது என்றுதான் இருந்தாள். பெற்றவர் நம்பருக்கும் போகும் என்று பயிற்சியில் ஒருவன் வளவளவென்று சொல்லியிருக்கலாம், யார் கவனித்தார்கள்! மகளைச் சேர்க்கும்போது பெற்றவர் நம்பர் என்ற இடத்தில் அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். பள்ளியில் தான் இருக்கும்போது தனக்கு எதற்குச் செய்தி?

"லிஃப்டு குழிக்குள்ள தொங்கிட்டிருப்பேன், சட்டைப் பையில அடிக்கும்" என்றான் அவன். "காரணத்தைச் சொல்லு, காரணத்தைச் சொல்லுன்னு கேக்குது. ஒரு நாள் பதில் போட்டேன்."

"என்னன்னு?"

"இனிமே அவ வரமாட்டான்னு."

"அதுக்கு?"

"நன்றி, உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டதுன்னு வந்துச்சு."

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துடும்மா பேரை" என்றான். "என்னால முடியல."

கணக்கு டீச்சரின் வேலையைப் பற்றி அவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாங்கிக்கொள்கிறேன் என்பான். அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே கணக்கு டீச்சர் அலுவலக வாசலில் நின்றாள். சின்ன வயது, பத்து மாதக் குழந்தை ஒன்று. மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். மத்தியானம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். மூன்றாம் வகுப்பும் அவளுடையதுதான். வாயாடியை முன்பெஞ்சில் உட்கார வைத்தும் சமாளிக்க முடியாமல், "உங்க பொண்ணு எனக்கே பாடம் எடுக்கறாக்கா" என்று சிரித்துக்கொண்டே புகார் சொன்னவள்.

"சார் எல்லாம் சொன்னாரு" என்றாள். "எடுக்காதீங்கக்கான்னு கேக்கத்தான் வந்தேன். பஸ்ஸுல வரும்போது எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தேன். இப்ப கேக்க முடியல."

"எங்க போடுவாங்க உன்னை?"

"ரெண்டு பஸ்ஸாம். மத்தியானம் வர முடியாது." கண்ணைத் துடைத்தாள். "எடுத்துடுங்கக்கா. தினம் பேரு கூப்பிடும்போது அந்த எடத்துல வந்ததும் எனக்கே நாக்கு ஒட்டிக்குது. பிள்ளைங்க வேற எம் மூஞ்சியவே பாக்குதுங்க."

கிளார்க்கம்மா அவள் தோளில் கை வைத்தாள். மணி அடித்தது, டீச்சர் போய்விட்டாள்.

டிராயரைத் திறந்து தாளை எடுத்தாள். நிரப்பினாள். 'பெற்றவர் கையொப்பம்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, 'அலுவலர் கையொப்பம்' என்ற இடத்தில் அதே கையெழுத்து. முத்திரை குத்தினாள். இனி கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

பெயரைத் தேடி எடுத்து 'நீக்கு' என்று அழுத்தினால் அது 'சேரும் பள்ளியின் எண்' என்று கேட்டது. காலியாக விட்டுப் பார்த்தாள். 'இந்த விவரம் கட்டாயம்' என்று சிவப்பில் வந்தது. காரணம் என்ற இடத்தைத் திறந்தாள். வீடு மாற்றம், வேறு பள்ளி, பெற்றோர் விருப்பம், இதர. இதர என்று போட்டாள். அதற்கும் எண் கேட்டது.

அதுவும் சரிதான் என்று அவளுக்குள்ளிருந்த கிளார்க் சொன்னாள். பணம் பிள்ளையின் பின்னால் போக வேண்டுமானால் பிள்ளை எங்கேயாவது போயாக வேண்டும் அல்லவா? படிப்பு வராத பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் சத்தமில்லாமல் விரட்டிவிடக் கூடாது என்று, யாரோ நல்ல மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து அடைத்த ஓட்டை அது. ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் எடுத்தான்.

"பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகுதோ அந்த நம்பரைப் போடுங்க மேடம்."

"எங்கயும் போகலப்பா. எறந்துடுச்சு."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "சாரி மேடம்... அதுக்கு ஆப்ஷன் இல்லையே. அடுத்த தடவை மாத்தும்போது சேத்துடுவாங்க. எழுதி வச்சுக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"ஏதாவது ஒரு பள்ளி நம்பரைப் போட்டு அனுப்பிடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க." பிறகு தாழ்ந்த குரலில், "பெத்தவங்ககிட்ட சொல்ல வேணாம் மேடம், வருத்தப்படுவாங்க" என்றான்.

"சொல்லல" என்று வைத்தாள்.

பணிமனைப் பள்ளியைப் போடலாம். ஆனால் அங்கே இருக்கிற கிளார்க் தெரிந்தவள், போன் போட்டு இரக்கப்படுவாள். பட்டியலைத் திறந்தாள். முதலில் நின்றது மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளி. பெயரைக்கூட அவள் கேள்விப்பட்டதில்லை. அதையே போட்டாள். பெற்றவர் நம்பர் சரிதானா என்று கேட்டது. கணவனின் நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்தாள். செய்தி வந்தால் தனக்கு வரட்டும். அனுப்பினாள். திரையின் மூலையில் தொண்ணூறு எண்பத்தொன்பது ஆயிற்று. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்த்தாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னபோது, அதிசயமாக அவர் எங்கேயும் சுற்றவில்லை. "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. கணக்கு டீச்சரை விடுவிக்கும் கடிதத்தையும் கிளார்க்கம்மாதான் தட்டச்சு செய்தாள். டீச்சர் வாங்கிக்கொண்டு, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் அடைத்தார்கள். தலைமையாசிரியர் வகுத்தல் கணக்குக்குக் கடைத்தெருவில் தொடங்கி ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடும். அறைக்குள் சந்தைக்கடை இரைச்சல். பணம் நியாயமாகத்தான் போயிற்று என்று சொல்லிக்கொண்டாள். பணிமனைப் பள்ளிக்கு நான்கு ஆசிரியர்கள் புதிதாக வந்திருந்தார்கள். அதற்கு அவள் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை, துக்கமும் படவில்லை.

வீட்டில் கணவனின் போன் ஓய்ந்திருந்தது. அவன் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான்.

புது மாதம் பிறந்ததும் துறை ஒரு திருத்தம் செய்தது. சாவுக்கு இடம் ஒதுக்கினார்களா என்றால் அதுதான் இல்லை. பிள்ளை வராவிட்டால் மட்டும் சொல்கிறீர்களே, வந்து சேர்ந்தால் சொல்ல மாட்டீர்களா என்று பெற்றோர்கள் கேட்டார்களாம். வந்தாலும் செய்தி அனுப்பினார்கள். முதல் திங்கட்கிழமை பத்தேகாலுக்கு கிளார்க்கம்மாவின் போன் சிணுங்கியது.

'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.'

மூன்று முறை படித்தாள். தன் மகளின் பெயர்தான், மூன்றாம் வகுப்புதான், அந்த மறுகோடிப் பள்ளிதான். அவளுக்கு இது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு வந்த அதே சர்க்குலர்தான் அங்கேயும் போயிருக்கும். அவர்களுக்கும் ஒரு பெயர் குறைந்திருக்கும். வானத்திலிருந்து ஒரு பெயர் விழுந்திருக்கிறது, விடுவார்களா? டிக் போடுகிறார்கள்.

புகார் செய்ய வேண்டும். யாருக்கு, எந்தப் படிவத்தில் என்று அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். படிவத்தைத் திறக்கவும் திறந்தாள். இதே டிக்கை இங்கேயே போட்டிருந்தால் கணக்கு டீச்சர் இன்று பக்கத்து அறையில் இருந்திருப்பாள், மத்தியானம் ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பாள். அந்த நினைப்பு சுருக்கென்று தைத்தது. இத்தனை மாதத்தில் அவளுக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். வெட்கமாக இருந்தது. படிவத்தை மூடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் வந்து சேர்ந்தாள். புதன்கிழமையும் வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது வாரத்தில், பத்து மணி அடித்ததும் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். செய்தி வரும், படிப்பாள், கைப்பைக்குள் போடுவாள். பிறகுதான் டீ குடிப்பாள். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். எந்த பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள்? முன்பெஞ்சில்தான் வைத்திருப்பார்கள், வேறு எங்கே வைத்தாலும் பக்கத்துப் பிள்ளையைப் படிக்க விட மாட்டாள். அந்த டீச்சர் கோபக்காரியோ என்னவோ. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நினைத்தாள். "மொகம் தெளிஞ்சிருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். கணவனிடம் மூச்சு விடவில்லை. எடுத்துவிடச் சொன்னவனிடம் என்னவென்று சொல்வது?

பத்தொன்பதாம் நாள், பத்தேகால். 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.'

நேற்று வந்தாளே! காய்ச்சலோ என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே எழுந்தாள், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தவில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பள்ளியின் நம்பரை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். குரலைக் கேட்டதும் கிளார்க் என்று தெரிந்துவிட்டது.

"மூணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு" என்று மகளின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி வெகு நாள் ஆகியிருந்தது. "இன்னைக்கு வரலன்னு மெசேஜ் வந்துச்சு."

"நீங்க?"

"அவ அம்மா."

அந்தப் பக்கம் அவசர அவசரமாகக் கிசுகிசுப்பு. "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பேரு வந்துச்சு, பிள்ளையும் வந்துடும்னு மொத நாளே டிக் போட்டுட்டேன், வரல. அடுத்த கணக்கெடுப்புக்கும் எங்களுக்கு அறுபது வேணும் மேடம். உங்க பொண்ணைச் சேத்துத்தான் அறுபது. இல்லன்னா எங்க டீச்சர்ல ஒருத்தரை எடுத்துடுவாங்க. நேத்து வரைக்கும் நான்தான் வந்ததாப் போட்டேன். இன்னைக்கு பஸ் லேட்டு, சார் ஏத்திட்டாரு, அவருக்கு விஷயம் தெரியாது. புகார் கிகார் பண்ணிடாதீங்க மேடம், பிள்ளைகுட்டிக்காரி நான். பாப்பா இப்ப எந்த ஸ்கூல்ல இருக்கு, சொல்லுங்க, இப்பவே பேரை அனுப்பிடறேன்."

கிளார்க்கம்மாவின் முகமெல்லாம் நனைந்திருந்தது, எப்போது நனைந்தது என்றே தெரியவில்லை. சாக்பீஸ் பெட்டிகள் மேல் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை மாதத்து அழுகையையும் அழுதாள். அந்தப் பக்கத்துக்காரி, "மேடம், மேடம்" என்று பயந்து போய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அனுப்ப வேணாம்" என்றாள் கிளார்க்கம்மா. "அங்கயே இருக்கட்டும்."

"மேடம்?"

"இன்னைக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்கு வந்துடுவா, வந்ததாப் போட்டுடுங்க."